அறுபத்திரண்டு அடி வீடு

பாளையங்கோட்டை கரையடித் தெரு பதினேழாம் எண் வீட்டுக்கு இண்டர்நெட் வந்த அந்த மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை வரைக்கும், வீட்டின் நீளம் அறுபத்திரண்டு அடி என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு வரவே வராது, ஏனென்றால் அவர் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து, வயலும் வரப்பும் ஓடையும் சுடுகாடும் அளந்து, அளந்ததைக் குறிப்பேட்டில் எழுதாமல் அடுத்த அடி எடுத்து வைக்காத மனிதர் என்று பேர் வாங்கி ஓய்வு பெற்றவர். முன்னறை, சாமான் அறை, நடுவறை, சாப்பாட்டறை, கடைசியில் அடுக்களை என்று ஐந்து அறைகளும் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, ஐந்து வாசல்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தன, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடுக்களையில் பால் பொங்குவதைப் பார்க்கலாம். கொல்லை வாசல் கிடையாது, அடுத்த தெரு வீட்டின் பின்சுவரும் இந்த வீட்டின் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே போகவும் வெளியே வரவும் தெருவாசல் ஒன்றுதான்.

இண்டர்நெட் எதற்கு வந்தது என்றால், ஆவுடையப்பனும் அவர் மனைவி உலகம்மாளும் பேசிக்கொண்டு நாலு மாதம் ஆகியிருந்தது. புருஷன் பெண்டாட்டி பேச்சை நிறுத்துவது கரையடித் தெருவில் புதிதல்ல, பேச்சை நிறுத்திய வீட்டில் பிள்ளைகள் வழியாகப் பேசிக்கொள்வார்கள், பிள்ளை இல்லாவிட்டால் சுவரிடமோ பூனையிடமோ சொல்வதுபோலச் சொல்வார்கள், மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிடும். இந்த வீட்டில் பூனை கிடையாது. ஒரே மகள் செண்பகம் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருந்தாள். ஆகவே முன்னறையில் இருந்த ஆவுடையப்பன் பெர்த்துக்கு போன் போட்டு, "உங்கம்மாகிட்டச் சொல்லு, இன்னைக்குப் புளிக்கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு" என்பார். செண்பகம் பெர்த்திலிருந்து அடுக்களைக்கு போன் போடுவாள், பிறகு முன்னறைக்கு போன் போடுவாள்.

"அப்பா, உப்பு சரியாத்தான் இருக்காம். உங்க நாக்குதான் மாறிப்போச்சாம்."

"நாக்கு மாறலன்னு சொல்லு."

"சொல்லுதேன். அப்புறம், மாத்திரை போட்டீங்களான்னு அம்மா கேக்காங்க."

"போட்டேன்னு சொல்லு."

அறுபத்திரண்டு அடி தூரத்துக்கு ஒரு மாத்திரை விசாரிப்பு கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. போய்வந்ததே பெரிய விஷயம், ஏனென்றால் இரண்டடி கனமுள்ள அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி அடுக்களைக்குள் செல்போன் டவர் சரியாக எட்டாது, பாதிப் பேச்சில் அறுந்துவிடும், அறுந்த பாதியைப் பற்றி இன்னொரு சண்டை வரும். அலுத்துப்போன செண்பகம்தான் வைஃபை போடச் சொன்னாள்.

போட வந்தவர் மகாராசன். முழங்கால் வலிக்காரர், ஏணி ஏறும்போதெல்லாம் ஒரு தடவை முருகனைக் கூப்பிடுவார், ஆனால் தொழிலில் பொய் சொல்லாதவர். ஆவுடையப்பன் ஒரு வாரமாக நாலு கடை ஏறி இறங்கி, இரண்டு கொம்பு வைஃபை பெட்டி, நாலு கொம்பு பெட்டி, ஆறு கொம்பு பெட்டி என்று எல்லாவற்றின் குணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மகாராசன் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கொம்புல ஒண்ணும் இல்ல. ரெண்டு விதமா அலை இருக்கு. ஒண்ணு வேகமாப் போகும், செவரக் கண்டா நின்னுரும். இன்னொண்ணு மெதுவாப் போகும், ஆனா செவரத் தாண்டிரும். எந்தப் பெட்டி வாங்குனாலும் ரெண்டும் இருக்கும். பெட்டிய எங்க வைக்கீங்கங்கறதுதான் விசயம். நடுவறையில வச்சீங்கன்னா முன்னால உங்களுக்கும் பின்னால அக்காவுக்கும் சமமாக் கெடைக்கும்."

நடுவறை என்பது உலகம்மாள் காபித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்புகிற இடம். அவள் திரும்பிப் போன பிறகு ஆவுடையப்பன் போய் எடுத்துக்கொள்கிற இடம். இருவரும் ஒரே நேரத்தில் அங்கே நின்று நாலு மாதம் ஆகிறது. பெட்டியை அங்கே வைத்தால் அது கெட்டுப்போகும்போதெல்லாம் இரண்டு பேரும் அங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதை ஆவுடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"முன்னறையிலயே இருக்கட்டும்" என்றார். "அடுக்களைக்கு வயர் இழுத்துக்கிடலாம்."

"உங்க இஷ்டம்" என்றார் மகாராசன், முருகனைக் கூப்பிட்டு ஏணியில் ஏறினார்.

வயருக்கு அளந்தவர் ஆவுடையப்பன். வளைவுக்கும் திருப்பத்துக்கும் சேர்த்து இருபது மீட்டர் போதும் என்று வாங்கினார். புதன்கிழமை காலை இழுத்துப் பார்த்தால் அடுக்களை வாசலுக்கு ஒரு முழம் முன்னால் வயர் முடிந்துபோனது. ஆவுடையப்பன் நாடாவை எடுத்து அளந்தார், அறுபத்தாறரை அடி இருந்தது. முப்பது மீட்டர் வயர் வாங்கி வியாழக்கிழமை இழுத்தார்கள், அதே ஒரு முழம் குறைந்தது. வெள்ளிக்கிழமை ஐம்பது மீட்டர், ஒரு முழம் குறைந்தது. சனிக்கிழமை நூறு மீட்டர்ச் சுருளை மகாராசன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போய், அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, வீடு வளருது" என்றார். கறிவேப்பிலைச் செடி வளர்கிறது என்பதைப்போலத்தான் சொன்னார். ஆவுடையப்பன் குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டு நீளத்தை எழுதினார்.

வெளியே இருந்து பார்த்தால் வீடு வளரவில்லை. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளின் சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, மொட்டைமாடியில் நடந்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எப்போதும்போல இருபத்திரண்டு எட்டுதான். மாடியிலிருந்து அடுக்களைப் புகைபோக்கி வழியாக வயரை இறக்கினால் ஆயிற்று என்று மகாராசன் ஒருநாள் இறக்கியும் பார்த்தார். வயர் இறங்கியது, இறங்கியது, கிணற்றில் வாளி இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது, கீழே எதையும் தொடவில்லை, சாயங்காலம் சுருட்டி மேலே எடுத்தபோது அதில் கடுகு தாளித்த வாசனை மட்டும் இருந்தது.

அந்த வாசனையை முகர்ந்தபோதுதான் ஆவுடையப்பனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பேச்சு ஏன் நின்றது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபதுக்கு, கோவில்பட்டியிலிருந்து ஆவுடையப்பனுக்கு போன் வந்தது, உலகம்மாளின் ஒரே தம்பி கொம்பையா கடையில் நின்றபடியே விழுந்து இறந்துபோனான் என்று. அந்த நேரம் உலகம்மாள் சனிக்கிழமை விரதம் முடித்து இலை முன்னால் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்திருந்தாள். சாப்பிடுகிறவளிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது, சொன்னால் அந்தச் சோறு அப்படியே கிடக்கும், பிறகு மூன்று நாளைக்குத் தண்ணீர்கூட இறங்காது, எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று போனை முன்னறைக்கு எடுத்துப் போனார். சாப்பிட்டு முடித்தவள் தலை வலிக்கிறது என்று சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள். கொஞ்சம் கண்ணசரட்டும் என்று நினைத்தார். இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டார், அது ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு சொல்லி, அழ விட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மழை வருகிறதென்று நாலரைக்கே தூக்கிவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. கொம்பையாவின் பெண்டாட்டி உலகம்மாளைக் கட்டிக்கொண்டு, "பன்னெண்டரைக்கே சொல்லியாச்சே மதினி, உங்களுக்காக எம்புட்டு நேரம் வச்சிருந்தோம் தெரியுமா" என்று அழுதாள்.

உலகம்மாள் தலையைத் திருப்பி ஆவுடையப்பனைப் பார்த்தாள். அதுதான் அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

தான் செய்தது முறைதான் என்று ஆவுடையப்பன் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் அப்படி நினைக்க முடியவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்தார், தினமும் காபித் தம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டதும் அவள் திரும்பிப் போகும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏழு எட்டு வைத்து நடந்தால் சொல்லிவிடலாம் என்றிருந்த நாட்களில் சொல்லாதவருக்கு, இப்போது வீடு சித்திரையில் அரைக்கால் மைலும் வைகாசியில் கால் மைலும் ஆகிவிட்டது.

கரையடித் தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் வந்து பார்த்தது, பிறகு பயன்படுத்திக்கொண்டது. வெயில் காலத்தில் தெருவில் நடக்க முடியாத சர்க்கரை வியாதிக்காரர்கள், காலையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஆவுடையப்பனிடம் "அண்ணாச்சி, வாரோம்" என்று சொல்லி உள்ளே நடக்கத் தொடங்கினார்கள். பிச்சம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி, அவளுக்குச் சர்க்கரை இருநூற்றுக்குக் கீழே இறங்கியதும் அந்த வீட்டுக்குத் தேங்காய் உடைத்தாள். மழை வந்தால் தெருவே கூழ்வற்றலை அங்கே கொண்டுவந்து உலர்த்தியது. தேரோட்டத்துக்கு முன்னால் கோவில்காரர்கள் தேர்வடத்தை மடிக்காமல் விரித்து, எங்காவது பிரி விட்டிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று ஆளோடு வந்தார்கள். ஆனி மாதக் கல்யாணம் ஒன்றில் முந்நூற்றைம்பது பேருக்கும் ஒரே வரிசையில் இலை போட்டார்கள், முதல் இலைக்காரர் பாயசத்துக்கு வந்தபோது கடைசி இலைக்காரருக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சியிலிருந்து வந்தவர் வெளியே அளந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "எங்க படிவத்துல இதுக்குக் கட்டம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போய்விட்டார். ஆவுடையப்பனோடு வேலை பார்த்த சர்வேயர் மாசானமூர்த்தி பழைய புலப்படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, உள்ளே நடந்து போய், அன்றைக்குச் சாயங்காலம் குதிகால் கொப்பளத்தோடு திரும்பி வந்து, "படத்துல அறுபத்திரண்டுன்னு இருக்கு. அப்ப அறுபத்திரண்டுதான். நீ மனசப் போட்டுக் கொழப்பாத" என்றார்.

மகாராசன் தன் வேலையை விடவில்லை. நாற்பது அடிக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியிலிருந்து அலையை வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கிற இன்னொரு பெட்டி, அப்படியே தொடர்ந்து சுவர் நெடுக மாட்டிக்கொண்டே போனார், அந்தப் பச்சை விளக்குகளின் வரிசை நாளுக்கு நாள் நீண்டது. தெருக்காரர்களுக்கு அவையே மைல்கல் ஆயின. "ஒன்பதாம் பெட்டிகிட்ட என் மூக்குக்கண்ணாடிய விட்டுட்டேன்" என்பார்கள். "பதினாலாம் பெட்டிகிட்டக் காத்து நல்லா வருது" என்பார்கள். கல்லூரிப் பெண்கள் ஆறாம் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். எத்தனை பெட்டி மாட்டினாலும் கடைசிப் பெட்டிக்கும் அடுக்களைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. காற்று நல்லபடி இருந்தால் அதையும் தாண்டி இரண்டு கோடு சிக்னல் போய்ச் சேர்ந்தது, செண்பகம் தன் வேலையைச் செய்தாள்.

நடந்து போகிறவர்கள் உலகம்மாளிடம் போய்ச் சேரத்தான் செய்தார்கள். அவள் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், அவள் கேட்ட காய்கறியை வாங்கிப்போய்க் கொடுத்தார்கள், திரும்பும்போது ஃபிளாஸ்கில் காபியும் தூக்குச்சட்டியில் சோறும் கொடுத்தனுப்பினாள், பிச்சம்மாள் அதை முன்னறை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள். ஏனென்றால் கரையடித் தெருவில் ஒரு முறை உண்டு, பேசாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சோறு கொண்டுபோகலாம், பேச்சு கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோன பேச்சு போகிற வழியில் ஒரு சொல் கூடிவிடும், ஒரு சொல் குறைந்துவிடும், பழி கொண்டுபோனவர் தலையில் விழும். பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் அந்தப் பாவம் இல்லை.

ஆவுடையப்பன் ஒருமுறை நடந்து பார்த்தார். ஆடி மாதம், பகல்வேளை. நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார், அது இல்லாமல் அவருக்கு நடக்கத் தெரியாது. நூறு அடிக்கு ஒருதடவை நின்று சுவரில் பென்சிலால் கரிக்கோடு போட்டார். பத்தொன்பதாம் பெட்டி தாண்டியபோது தூரத்தில் அம்மி அரைக்கும் சத்தம் கேட்டது, அதற்கு நடுவே அவளுடைய இருமல் கேட்டது, அந்த இருமலை அவருக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அவர் நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார், வாயில் வந்தது அளவு மட்டும்தான். இதை எழுதி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குறிப்பேடு இருக்கும் முன்னறைக்குத் திரும்பி நடந்தார். மறுநாள் பார்த்தால் வீடு இரண்டு மடங்காகியிருந்தது. தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார், நடந்து திரும்பிய சர்க்கரைக்காரர்கள் பார்த்தும் பார்க்காததுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

புரட்டாசி முடிகிற வாரத்தில் செண்பகம் போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"அப்பா, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிட்டாரு. போனையே தொடக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு வாங்கி வச்சிக்கிடப் போறாரு. இனிமே நான் நடுவுல நிக்க முடியாதுப்பா."

"நீ ஒடம்பப் பாத்துக்க" என்றார். பிறகு, "ஒரே ஒரு வார்த்தை மட்டும் உங்கம்மாகிட்டச் சொல்லிரு" என்றார்.

"என்ன வார்த்தை?"

"அன்னைக்கு நான்... மாமா சேதிய..."

"அது என் வழியா வரக் கூடாதுப்பா" என்றாள் செண்பகம். "உப்பு, மாத்திரை எல்லாம் சொன்னேன். இத நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு கேளுங்க. வர்ற வெள்ளிக்கிழமை மாமாவுக்குத் தலைத்திவசம். அம்மா கோவில்பட்டிக்குப் போறாங்க. அதுக்கப்புறம் அங்கயே இருந்துக்கிடுதேன், இங்க வரமாட்டேன்னு சொல்லுதாங்க. இத உங்ககிட்டச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்."

அதுதான் அவள் கொண்டுவந்த கடைசிப் பேச்சு.

இதைக் கேட்ட ஒரு மனிதன் எழுந்து நடந்திருக்க வேண்டும். ஆவுடையப்பன் மகாராசனைக் கூப்பிட்டார். சந்தையில் இருப்பதிலேயே நல்ல பெட்டிகள் எவை, ஒன்றோடொன்று தாமாகவே பேசிக்கொள்கிற பெட்டிகள் என்று சொல்கிறார்களே அவை வேண்டும், எத்தனை வேண்டுமானாலும் வேண்டும், வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார். அவர் எண்ணிலிருந்து வரும் அழைப்பை உலகம்மாள் எடுப்பதில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால் அவள் எடுக்காவிட்டாலும் போய் உட்கார்ந்திருக்கும், என்றைக்காவது தொடுவாள், தொட்டால் அது பேசும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்றார் மகாராசன். "அன்னைக்கே நடுவறையில வச்சிருக்கலாம்."

"நீரு மாட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் மகாராசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். முன்னறையில் ஆவுடையப்பன் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார். முதல் பதிவில் இருமினார். இரண்டாவதில் கொம்பையாவின் வயதைப் பற்றிப் பேசினார். ஏழாவதில் முறை என்ன என்று விளக்கினார், கேட்டுப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு அழித்தார். பதினேழாவது பதிவு பதினோரு நொடிதான் இருந்தது, "நான் செஞ்சது தப்பு" என்பதும் அவள் பெயரும் மட்டும் அதில் இருந்தன. வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு அதை அனுப்பினார். ஒரு டிக் விழுந்தது.

போய்ச் சேர்ந்தால் இரண்டாவது டிக் விழ வேண்டும். விழவில்லை. நாலு மணிக்கும் விழவில்லை. ஆறு மணிக்கு மகாராசன் திரும்பி வந்தபோது அவர் சட்டை முழுக்கச் சுண்ணாம்பு இருந்தது.

"எம்பத்தாறாம் பெட்டி வரைக்கும் மாட்டியாச்சு. அதுக்கு அங்கிட்டு அடுக்களை வெளிச்சம் தெரியுது, ஆனா நான் போகப் போக அதுவும் போகுது. எங்கிட்ட இனி பெட்டி இல்ல அண்ணாச்சி. கம்பெனியிலயும் இல்ல." சட்டையைத் தட்டிக்கொண்டே, "நாளைக்கு மாதாந்திர மின்தடை வேற. ஒம்போதுலேருந்து ரெண்டு வரைக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஃபிளாஸ்க் வரவில்லை. பிச்சம்மாள் வந்து வாசலில் நின்று, பேச்சு கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆவுடையப்பனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து, "உலகக்கா விடியறதுக்கு முன்னாலயே பையத் தூக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டாங்களாம், பாவம், எம்புட்டுத் தூரம்" என்று பொதுவாகச் சொன்னாள். ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. எண்பத்தாறு பச்சை விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஆவுடையப்பன் கையிலிருந்த போனில் அந்த ஒற்றை டிக் அப்படியே நின்றது.

அவர் எழுந்து, வழக்கம்போல நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். முதல் கரிக்கோட்டில் ஆடியில் நின்றதுபோலவே நின்று, சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். பென்சில் இல்லை. திரும்பிப் போய் எடுத்து வரலாம் என்று கால் தானாகவே திரும்பியது. அந்த இடத்தில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு நாடாவைச் சுவரோரம் வைத்துவிட்டு, எத்தனை அடி என்று தெரியாமல், எத்தனையாவது பெட்டி என்று தெரியாமல், பின்னால் தெருவாசல் ஒரு பொட்டு வெளிச்சமாகி அதுவும் போய்விடும்வரை நடந்தார், வற்றல் வாசனையும் தேர்வடத்தின் நார் வாசனையும் கல்யாணச் சந்தன வாசனையும் கடந்து நடந்தார், கால் வலித்தது, தொண்டை காய்ந்தது, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். எதிரே மெட்டி தரையில் படும் சத்தம் கேட்டது.

"ஏளா" என்றார். பிறகு, "உலகு" என்றார்.

மெட்டிச் சத்தம் நின்றது.

"பன்னெண்டு இருபதுக்கே போன் வந்துச்சு" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ அப்பத்தான் முதல் வாய் எடுத்தே. சாப்பிடட்டும்னு நெனச்சேன். அப்புறம் படுத்தே. எந்திரிக்கட்டும்னு நெனச்சேன். ஒங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். சோறா, தம்பியான்னு நீதான் முடிவு பண்ணியிருக்கணும். நான் முடிவு பண்ணிட்டேன். தப்பு. நான் செஞ்சது தப்பு."

இருட்டில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"இதச் சொல்லவா இம்புட்டு வயரு இழுத்தீங்க?" என்றாள் உலகம்மாள்.

அவள் அழுகிறாளா கோபமாக இருக்கிறாளா என்று அந்த இருட்டில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்ளும் சத்தம் வந்தது.

"சாப்பிட்டாச்சா?"

"இல்ல. இன்னைக்கு ஃபிளாஸ்க் வரல."

"சாப்பிட வேண்டாம்" என்றாள். "அப்படியே கெளம்புங்க."

"சட்டைய மாத்திட்டு..."

"இந்தச் சட்டை போதும்."

அவள் முன்னால் நடந்தாள், அவர் இரண்டு எட்டு பின்னால் நடந்தார். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. தெருவாசல் வெகுதூரத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்தது, நடக்க நடக்க அது பக்கத்தில் வருகிறதா வரவில்லையா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"நேரம் பிந்திருமோ?" என்றார் ஆவுடையப்பன்.

"பேசாம வாங்க" என்றாள்.

எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. அவர்கள் வெளியே வந்தபோது பிச்சம்மாள் வீட்டுக் கடிகாரம் பத்து இருபது காட்டியது. வாசலில் தெரு நின்றது. மகாராசன் ஆட்டோவைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். வீடு உள்ளே இன்னும் அப்படியேதான் நீண்டு கிடந்தது, அன்றைக்கு நடக்க வேண்டிய சர்க்கரைக்காரர்கள் அவர்கள் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஆட்டோவில் ஆவுடையப்பனுக்குப் பசியில் வயிறு காந்தியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை, எடுத்த கவளத்தை இலையில் போட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் இரண்டு பேரும் இப்படித்தான் கிளம்பியிருக்க வேண்டும் என்று நினைத்தார். பக்கத்தில் உலகம்மாளும் அதைத்தான் நினைத்தாள் என்பது அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததில் தெரிந்தது. அங்கே போனால் பார்ப்பதற்கு இனி முகம் இல்லை, மாலை போட்ட படம்தான் இருக்கிறது, அது எத்தனை மணிக்குப் போனாலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

"கொஞ்சம் வெரசாப் போங்க தம்பி" என்றாள் உலகம்மாள்.